பென்சில் புள்ளி

பென்சிலை நான் பிளேடால்தான் சீவுவேன். துருவியில் விட்டால் பாதிப் பென்சில் குப்பைக்குப் போய்விடும். துருவி விற்கிறவனுக்கும் பென்சில் விற்கிறவனுக்கும் உள்ளுக்குள் ஏதோ உடன்பாடு இருக்கிறது என்பது என் எண்ணம். நீங்கள் சிரித்தாலும் சரி. எனக்குப் படிப்பு நாலாவதோடு நின்றது. யாரையும் நம்பக் கூடாது என்பதை அதற்குப் பிறகு நானே படித்துக்கொண்டேன்.

கிடங்கு வாட்ச்மேன் வேலை பார்த்தேன். சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை இரவு ஷிப்ட்தான். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் தூக்கம் கலையக் கூடாதென்று மனைவி பகலெல்லாம் பூனைபோல் நடப்பாள். பேச்சுத் துணைக்கு ஒரு ஆமை வாங்கிக்கொண்டாள். உள்ளங்கைக்குள் அடங்கியது அப்போது. குரைக்காது, கத்தாது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அது என் தப்பு.

ஓய்வு பெற்றபின் பகலில் விழித்திருக்கத் தொடங்கினேன் அல்லவா, அப்போதுதான் காதில் விழுந்தது. சமையலறைக்குப் பின்னால் தொட்டியருகே உட்கார்ந்து, "என்னடி ராசாத்தி, சாப்பாடு வச்சா முறைக்கிற? யார் மேல கோபம்? என் மேலயா?" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஆமை ராசாத்தி. நான் "இங்க பாருங்க". கவனித்துக்கொண்டேன். வாட்ச்மேன் வேலையே அதுதான்.

மாடியில் ஒரு வயர்மேன் குடியிருக்கிறான். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் சொன்னவன் அவன்தான். தனி ஆள். அவனிடமும் ஒரு ஆமை இருந்தது, ஆண். ஒருநாள் அதை வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான்.

"மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்துட்டேன் அக்கா. ரொம்ப சாது. வாயே திறக்க மாட்டான்."

"அப்ப இந்த வீட்டுக்குப் பொருத்தம்தான் தம்பி. இங்கயும் ஒருத்தர் அப்படித்தான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதற்குப்பின் அவன் வாரத்துக்கு நாலு தடவை வந்தான். மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறானாம்.

ராசாத்தி ஆறு முட்டை இட்டது. வெள்ளையாக, கட்டைவிரல் நீளத்துக்கு இருந்தன. வயர்மேன் ஒரு தெர்மாகோல் பெட்டியில் சின்ன பல்பு மாட்டி, ஈர மணல் பரப்பி, முட்டைகளைப் பாதிவரை புதைத்துக் கொடுத்தான்.

"கோழி முட்டை மாதிரி இதை உருட்டக் கூடாது அக்கா. உள்ள இருக்கறது மேல்பக்கமா ஒட்டிக்கிட்டு வளரும். தலைகீழாத் திருப்பினா மூச்சு முட்டிச் செத்துடும். அதனால மேல ஒரு புள்ளி வச்சுடுங்க. மத்தபடி பொறுமைதான். ரெண்டு மூணு மாசம் ஆகும்."

வீட்டில் பென்சில் என்னிடம்தான் இருக்கும். நான்தான் சீவிக் கொடுத்தேன். தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள்.

மாடிப்படியில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்றார். "உடனே வந்து சேருங்க, சரி பண்ணிடலாம். தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்லை" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இதை நான் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் வழி சொன்னாள். "வயர்மேன் தம்பிகிட்ட சாவியைக் குடுத்துட்டு நாளைக்கே போயிடலாம். பெட்டியைத் தம்பியே பாத்துக்கும்."

"நான் இல்லையா? நான் பாத்துக்கறேன்."

"நீங்களா? நல்லா காவல் காப்பீங்க. அதுங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுவீங்களா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஒரு கிடங்கு முழுக்கச் சரக்கை என்னை நம்பி விட்டுவிட்டுப் போன முதலாளிகள் உண்டு. பெண்டாட்டி ஆறு முட்டையை நம்பி விடவில்லை. என் வீட்டுச் சாவியை இன்னொருத்தன் கையில் கொடுக்க முடியாது என்றேன். "அப்ப குஞ்சு வெளிய வந்த மறுநாள் போறேன்" என்றாள். அவளும் பிடிவாதக்காரிதான்.

மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போனபோது பெட்டியைத் திறந்து ஆறையும் திருப்பினேன்.

அவள் நல்லதுக்காகத்தான் செய்தேன். முட்டை செத்தால் காத்திருக்கக் காரணம் இல்லை, ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் பழைய புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு மறுபக்கம் புதுப்புள்ளி ஏன் வைத்தாய் என்று கேட்கிறீர்கள். வயர்மேனும் இதையேதான் கேட்டான். வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை என்று அவனிடம் சொன்னேன். உங்களிடம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன்.

மேலே புள்ளி இருந்தால், திருப்பிய முட்டையும் வெளியே பார்க்க நேற்று இருந்த மாதிரியேதான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். உயிர் இருந்தால் சிவப்பாக நரம்பு ஓடும். என் டார்ச்சை ஓய்வு பெற்ற அன்றே கிடங்கில் ஒப்படைத்துவிட்டேன், வயர்மேனிடம்தான் ஒன்று இருந்தது. அதனால் அவனை வாசலிலேயே நிறுத்தி, "அக்காவுக்குப் பேசினா மூச்சு வாங்குது, டாக்டர் யாரும் வரக் கூடாதுன்னுட்டார்" என்றேன். மாப்பிள்ளையை வாளியோடு திருப்பிக் கொடுத்தேன். தம்பி ஏன் வருவதில்லை என்று அவள் கேட்டாள். வேலை அதிகமாம் என்றேன்.

அதன் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ராசாத்தியின் தொட்டிக்குக் குனிய அவளுக்கு முடியவில்லை. தீனி நானே போட்டேன். பெட்டியருகே நாற்காலியில் உட்காருவாள், பக்கத்தில் நானும் உட்காருவேன். மணல் காய்ந்தால் நான் தண்ணீர் தெளிப்பேன். "குட்டியா இருக்குமோ, உங்க நகம் அளவு இருக்குமோ" என்பாள். தோளில் சாய்வாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சாய்ந்ததில்லை. நான்தான் வேலைக்குப் போயிருப்பேனே.

"இன்னும் ஒண்ணையும் காணோமே. நான் போய்ப் படுத்துடட்டுமா ஆஸ்பத்திரியில?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"இவ்வளவு நாள் இருந்துட்டே. பொறுமையா இரு" என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்ததையும் பார்த்தேன். கால் வீங்கியபோது நான்தான் பிடித்துவிட்டேன். என்னை மாதிரி அவளை யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

போன வாரம், மத்தியானம். நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது நாற்காலியிலிருந்து பெட்டியின் மேல் சாய்ந்திருந்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அவளை அடக்கம் செய்த பிறகு வயர்மேன் அந்தப் பெட்டியை மாடிக்குக் கொண்டுபோய், அக்கா ஞாபகமாகக் குஞ்சாவது பிழைக்கட்டும் என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். ஆறும் இருட்டு. ஒன்றன் அடிப்பக்கத்தில் பழைய புள்ளி மங்கலாகத் தெரிந்ததாம். முட்டை ஓடு மெலிசு, ரப்பரை அழுத்தித் தேய்க்க முடியவில்லை. என் வேலையில் அது ஒன்றுதான் குறை.

இதற்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டைகளை நான்தான் கொன்றேன். அவளைப் போகவிடாமல் உட்காரவைத்ததும் நான்தான். கையெழுத்துப் போடத் தெரியும், இடத்தைக் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். பால் பொங்குகிற நேரத்தில் அவள் குரல் கேட்டது. "பயப்படாத கண்ணு, நான் இருக்கேன்ல" என்றாள், ராசாத்தியிடம் பேசுவாளே, அதே குரலில். பெட்டியைப் பார்த்துச் சொன்னாள் என்பான் வயர்மேன். பெட்டிக்குள்தான் உயிரோடு ஒன்றுமே இல்லையே. வீட்டில் வேறு யாரும் இல்லை. என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள்.