காவடிக் கால்

மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் பஸ் சடாரென்று பிரேக் போட்டதும் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். மலைபோல் நின்ற ஓர் இளைஞன் மட்டும் இரண்டு குட்டி அடி வைத்துச் சமாளித்துக்கொண்டான். அவன் தங்கை துள்ளினாள்.

“அண்ணா, காவடிக் கால்! உன்ரை காவடி வீடியோவை அமெரிக்கக் காலேஜ் கோச்சுக்கு அனுப்புவம்.”

“விசரே உனக்கு? நான் கேட்டது அவையின்ரை அமெரிக்கன் ஃபுட்பால் டீமிலை இடம்.”

“ஓம். உன்ரை உடம்பு போதுமாம், கால் கெதியா அசையுமோ எண்டுதானே அவருக்குச் சந்தேகம்?”

“பந்து எறியிறவனைக் காக்க, வாறவனை மறிச்சுத் தள்ளுற வேலை எனக்கு. காவடியைப் பாத்தால் சிரிப்பார்.”

“சிரிக்கட்டும். தோளிலை அவ்வளவு பாரத்தோடை ஒருக்காலும் சறுக்கேல்லையே நீ!”

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். “அந்த வீடியோவிலை வேட்டி காலை மறைக்குது.”

“அப்ப இறங்கு, கடற்கரை வந்திட்டுது. நீ வாடகைக்கு விடுற கடற்கரைக் குடையைத் தோளிலை வைச்சு மணலிலை ஆடு. நான் எடுக்கிறன்.”

இறங்கும்போதே அவன் ஜீன்ஸை முழங்கால்வரை மடித்துக்கொண்டிருந்தான்.