கைராசிக்காரர் சேர்த்த வரி

டீ வேணாங்க சார், காலையிலேருந்து ரெண்டு குடிச்சாச்சு. இதுக்கு மேல குடிச்சா நெஞ்சைக் கரிக்கும். நீங்க எழுதிக்குங்க, நான் நிதானமாவே சொல்றேன்.

என் பேரு அய்யாக்கண்ணு. பூதலூர் ஸ்டேஷனுக்கு எதிர்ல இருபது வருஷமா கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். எனக்குக் கைராசின்னு ஊரே சொல்லும். வேலைக்குப் போடுற பயோடேட்டாவை நான் அடிச்சு, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிக் கொடுத்தா ஆர்டர் வந்துடும்னு நம்பிக்கை. பட்டுக்கோட்டையிலேருந்துகூட வந்து காத்துக் கெடப்பாங்க.

இப்பத்தான் பயோடேட்டாவைப் போன்ல இருக்குற ஏஐயே எழுதித் தருதே. அதை எங்க பக்கம் பரப்பினது செழியன். டிப்ளமோ படிச்ச பையன், தங்கமான பையன். வாய்க்கா மதகுல உக்காந்து, வர்றவங்களுக்கெல்லாம் சும்மாவே போட்டுக் கொடுத்தான். போன தை மாசம் முழுக்க என் கடைக்கு வந்தது நாலே பேரு. அவன் மேல கோபமெல்லாம் இல்ல சார். வயிறு எரிஞ்சுது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன் தனக்குன்னு வந்தப்ப என்கிட்டதான் வந்தான். பெரிய ரைஸ் மில்லுல லேப் வேலை. பொண்டாட்டி பூவிழி ஏழு மாசம். குழந்தை பொறக்குறதுக்குள்ள வேலையில சேந்துடணும்னு தவிப்பு. "எல்லாம் நானே எழுதிட்டேண்ணே. உங்க கையாலதான் அனுப்பணும்னு அவ ஒத்தக் கால்ல நிக்கிறா"ன்னு சிரிச்சான்.

அனுப்பினேன். ஒரே ஒரு வரி சேத்தேன். 'சைலோவில் இறங்கிச் சுத்தம் செய்வதில் மூன்றாண்டு அனுபவம்.' சைலோன்னா நெல்லைக் கொட்டி வைக்கிற இரும்புக் கோபுரம். அந்த மில்லுல பயோடேட்டாவை மனுஷன் படிக்கிறதில்ல, மெஷின்தான் படிக்குது. அந்த வரி இருந்தா எடுத்துக்கும். பயிற்சி கிடையாது, லேப் ஆளா இருந்தாலும் மொத நாளே சைலோ உள்ள இறக்கிடுவாங்க. தீபாவளிக்கு முன்னாடி ஒருத்தன் அப்படி இறங்கித்தான் போய்ச் சேந்தான். அங்க லோடு ஏத்துற வைரக்கண்ணு என்கிட்ட சொல்லியிருந்தான்.

வேலையில சேந்த அன்னிக்குப் பத்தேகாலுக்கு செழியன் போன் பண்ணினான். "அண்ணே, நான் எழுதாதது என்னமோ அதுல இருக்கு. உள்ள இறங்கச் சொல்றாங்க. பயமா இருக்குண்ணே."

"இறங்குப்பா. இப்ப இல்லேன்னா பொய் சொன்னவன்னு பேராயிடும், அப்புறம் எங்கயும் எடுக்க மாட்டாங்க. பூவிழியை நெனச்சுக்க"ன்னேன். அதட்டலைங்க, தன்மையாத்தான் சொன்னேன்.

பத்தே முக்காலுக்குக் கட்டி தட்டி நின்ன நெல்லு சரிஞ்சிருக்கு. வாரிக் கொட்டிட்டு அவனைத் தூக்கச் சாயங்காலம் ஆயிடுச்சு.

அனுபவப்பட்ட ஆளு, அவரோட கவனக்குறைவுன்னு மில்லுல கையை விரிச்சுட்டாங்க. கலெக்டருக்கு மனு எழுத பூவிழி என்கிட்டதான் வந்துச்சு. "ஏண்ணே அவரு அப்படி ஒரு பொய்யை எழுதினாரு?"ன்னு கேட்டு அழுதுச்சு. மனசு கேக்கலைங்க எனக்கு. பாவம், சின்ன வயசு. ஃபேனைப் போட்டு உக்கார வச்சேன். மனுவை அடிச்சு, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி அது கையில கொடுத்தேன்.

பத்து பைசா வாங்கல சார். நான் அந்த மாதிரி ஆளு இல்ல.