பூவாடைக்காரி கேட்ட குடை

— மெதுவாப் பேசு கண்ணு, மெதுவா! கூடத்துல எங்க மச்சாண்டாரு, வூட்டுக்காரரோட அண்ணன், குந்திகினு கீறாரு. அந்தக் கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டு இப்படிக் கிட்ட வா. நான் உனக்கு ஒரு கதை சொல்றேன். அதைக் கேட்டப்புறமும் கூடத்துல போய்ப் போட்டு உடைக்கணும்னு தோணிச்சுன்னா, நானே கதவைத் தொறந்து விடறேன்.

— உடைக்கல்லாம் வரலை ஆன்ட்டி. இன்விடேஷன் குடுக்க வந்தேன். தாம்பரத்துல ஞாயித்துக்கிழமை எக்சிபிஷன் ஆரம்பிக்குது. நூறு வருஷம் முன்னாடி வாழ்ந்த பெண்களோட ரெக்கார்டுஸ். அதுல உங்க குடும்பத்துக் கங்கையம்மாளும் இருக்காங்க. சந்தோஷப்படுவீங்கன்னு நெனைச்சேன்.

— சந்தோஷமா! இன்னா சொன்னே நீ இப்போ? இன்னொரு தபா சொல்லு.

— ஆக்சுவலா அவங்க, நீங்கல்லாம் சொல்ற மாதிரி, விஷக்காய்ச்சல்ல சாகலை. மெட்ராஸ் போய்ப் படிச்சு, லைசன்ஸ் வாங்கின மருத்துவச்சியா ரொம்ப காலம் வேலை பார்த்திருக்காங்கன்னு சொன்னேன்.

— ஐயோ தாயே! இன்னிக்கு சாயங்காலம் படையல், இன்னிக்குப் பார்த்தா நீ பொழைச்சுக்கணும்?

— என்ன படையல் ஆன்ட்டி?

— நீ எந்த ஊரு கண்ணு?

— குரோம்பேட்டைதான்.

— ரெண்டு ஸ்டேஷன் தள்ளிக் கீறே, பூவாடைக்காரி தெரியாதா? கழுத்துல தாலியோட, பூவும் பொட்டுமா செத்துப் போன பொம்பளையை அந்த வூட்டு சாமியா கும்பிடுவோம். கல்யாணத்துக்கு முந்தி கலசம் வெச்சு, புதுப் புடவை கட்டி, படையல் போட்டு உத்தரவு கேப்போம். எங்க இரும்புலியூரு வூட்டுக்குப் பூவாடைக்காரி கங்கையம்மா. தோ பாரு, கலசத்துக்கு அரக்குப் பட்டு கொசுவிகினு கீறேன்.

— அவங்க பட்டு கட்டின மாதிரியே தெரியலை. குரூப் போட்டோவுல வெள்ளைச் சேலை, முழங்கை வரைக்கும் ஜாக்கெட்டு, கால்ல பூட்ஸ்.

— பூட்ஸா?

— ஆமா. அப்புறம், மழையில பிரசவத்துக்கு ஓட வேண்டியிருக்கு, ஒரு குடை வாங்கித் தரணும்னு ஆபீசுக்கு மனு மேல மனு போட்டிருக்காங்க.

— பாவி மக்கா! நூறு வருஷமா பட்டும் பாவாடையும் வெச்சோமே, ஒரு குடை வெச்சோமா?

— சிரிக்காதீங்க ஆன்ட்டி, எனக்கும் சிரிப்பு வருது. அந்தப் பெரியவர்கிட்ட இன்விடேஷனைக் குடுத்துட்டுக் கிளம்பறேனே.

— குடுத்தே, குடி கெட்டுது. உசுரோட வூட்டை வுட்டுப் போனவளுக்குப் படையல் போட்டா தோஷம்னு கலசத்தை எறக்கிடுவாரு. கலசம் இல்லேன்னா சாமி வராது. சாமி வரலேன்னா எம் பொண்ணு ஓவியா வேலை காலி.

— சாமிக்கும் ஓவியா வேலைக்கும் என்ன சம்பந்தம்?

— ஓவியா சிறுசேரியில கம்ப்யூட்டர் வேலை பாக்குறா. கல்யாணம் ஆனா அவ வேலையை வுட்டுடுவான்னு மாப்பிள்ளை வூட்டுக்கு வாக்குக் குடுத்துட்டாரு எங்க மச்சாண்டாரு. அவ ரூமுல குந்தி அழுவுறா. எங்க வூட்டுக்காரரு அண்ணன் எதிர்ல எச்சி முழுங்கக் கூட பர்மிஷன் கேப்பாரு. இந்த வூட்ல மச்சாண்டாரை எதிர்த்துப் பேச ஒரே ஆளுதான் உண்டு.

— யாரு?

— பூவாடைக்காரி.

— அவங்க எப்படிப் பேசுவாங்க?

— எம்மேல வந்து.

— ஓ... உங்க மேலதான் சாமி வருமா?

— வரும். மொதல் தபா மெய்யாலுமே வந்துச்சு கண்ணு, பொய் சொல்லல. கல்யாணமாகி வந்த புதுசு. கண்ணு முழிச்சா இந்த வூட்டு ஆம்பளைங்க மொத்தமும் எங் கால்ல கெடக்குறாங்க. அப்போதான் எனக்கு விளங்கிச்சு. நான் அஞ்சம்மாவா பேசுனா இங்க யாருக்கும் காது கேக்காது. கங்கையம்மாவா பேசுனா நல்லாவே கேக்குது.

— அதுக்கப்புறம் வந்தது?

— வரவும் வரும், வரவெச்சுக்கவும் வெச்சுக்குவேன். ஓவியாவைப் பத்தாவதோட நிறுத்தப் பாத்தப்போ, படிக்க வைடா, இல்லேன்னா கெணத்துல தண்ணி நிக்காதுன்னு சொல்லிச்சு சாமி.

— படிக்க வெச்சாங்களா?

— காலேஜு வரைக்கும். கெணத்துலதான் தண்ணி நிக்கல. சுத்தியும் அபார்ட்மெண்ட்டு கட்டி போர் போட்டா சாமி இன்னா செய்யும்?

— வேற என்ன கேட்டிருக்கு?

— ஒரு தபா மிக்ஸி கேட்டுது.

— சாமி மிக்ஸி கேட்டதா!

— படையல் வடைக்கு நைஸா அரைக்கணுமா இல்லியா? நீ ஏன் வாயைப் பொத்திகினு குலுங்குறே? எங்க வூட்டுக்காரரு பாவம், வெள்ளந்தி. மறுநாளே பஜார்ல போய் வாங்கியாந்தாரு, மூணு ஜாரோட.

— ஆன்ட்டி, உங்க கஷ்டம் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. கங்கையம்மா போனப்போ இந்த வீட்டு ஆளுங்க மானம் போயிடும்னு, செத்துட்டாங்கன்னு சொல்லி மறைச்சாங்க. இப்போ நானும் மறைச்சா, அந்தம்மாவை ரெண்டாவது தடவை சாகடிச்ச மாதிரி ஆகாதா? அவங்களைத் தேடி எழும்பூர் ரெக்கார்டு ரூம்ல எவ்வளவு தூசி தின்னேன் தெரியுமா?

— நீ சொல்றதும் நாயம்தான். எனக்குத்தான் பேஜாரா கீது... ஏன் கண்ணு, அவ எதுக்குப் போனாளாம்? அடிச்சானா புருஷன்?

— குழந்தையில்லைன்னு அவரு இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. படிக்கச் சேரும்போது, யாரு உன்னைக் கூட்டி வந்ததுன்னு கேட்டு எழுதியிருக்காங்க. அவங்க பதில் இந்தக் காப்பியில இருக்கு.

— படி.

— "என்னை யாரும் கூட்டி வரவில்லை. நான் என் மனதார வந்தேன். எனக்குக் கையும் காலும் புத்தியும் இருக்கிறது. வேலை செய்து பிழைப்பேன்."

— இன்னொரு தபா படி கண்ணு.

— "எனக்குக் கையும் காலும் புத்தியும் இருக்கிறது. வேலை செய்து பிழைப்பேன்."

— அவளே சொன்னதா? அவ வாயால?

— அவங்களே சொன்னது. கீழே கையெழுத்து கூட இருக்கு பாருங்க.

— இத்தினி வருஷமா அவ பேரைச் சொல்லி நாந்தான் பேசிகினு கீறேன். அவ இன்னா பேசினான்னு இன்னிக்குத்தான் கேக்குறேன்... எனக்கு எழுத்து பொடிசா தெரியுது. நீ சொல்லச் சொல்ல நான் மனப்பாடம் பண்ணிக்கறேன். சாயங்காலம் இதைத்தான் சொல்லப் போறேன்.

— இதையேவா? அப்படியேவா?

— ஒரு எழுத்து கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். அவ பேச்சை அவ வூட்டுக் கூடத்துல அவளே பேசட்டும். அதுக்கப்புறமும் செத்துட்டான்னு எவன் சொல்வான்? ஆனா சொல்லு, எக்சிபிசனை இன்னா பண்றது?

— அது ஒரு மாசம் நடக்கும். இவங்க போட்டோவை மட்டும் கடைசி வாரத்துல மாட்டறேன். உங்க வீட்டுக் கல்யாணம் முடிஞ்சிடும்ல?

— முடிஞ்சிடும். நானே எல்லாரையும் வண்டி வெச்சுக் கூட்டியாறேன், மச்சாண்டாரு உள்பட.

— அப்போ விஷயம் தெரிஞ்சிடுமே. அதுக்கப்புறம் சாமி வராதே ஆன்ட்டி?

— ஓவியா அவ சம்பளத்துல அவ நின்னுட்டா, அவ வாயே போதும். ஐயோ, கதவு... எங்க வூட்டுக்காரரு!

— இந்தா அஞ்சு, எல்லாரும் வந்தாச்சு, பம்பைக்காரங்க டீ குடிச்சிகினு கீறாங்க. இந்தப் பொண்ணு யாரு?

— ஓவியாவோட சிநேகிதி. பேரு ஆஷா. பூ கட்ட வந்தா.

— வணக்கம் அங்கிள்.

— வணக்கம்மா. பூ எங்கயும் காணோம், கையில பேப்பர்தான் கீது. சரி, நான் அதைக் கேக்கல. அஞ்சு, ஓவியா வேலை மேட்டரை சாமி இன்னிக்கு சொல்லும்ல?

— அது... சாமி இன்னா சொல்லும்னு எனக்கு எப்படித் தெரியும்?

— என்னாண்டயேவா? அன்னிக்கு மிக்ஸி வாங்கப் போயி, ஜாரு மூணா நாலான்னு தெரியாம நின்ன கடையில, சாமிக்கு எது வேணும்னு கடைக்காரன் கேட்டப்பவே எனக்கு விளங்கிடுச்சு. நான் சொல்லி எங்கண்ணன் என்னிக்கும்மா கேட்டிருக்காரு? அதான் நீ கண்ணை மூடினதும் மொதல் ஆளா நானே வுழுந்து, "தாயே, உத்தரவு"ன்னு கத்துறேன், மத்தவங்களும் பொத்து பொத்துன்னு வுழுந்துடறாங்க. இன்னிக்கும் கத்துறேன், நீ தைரியமாப் பேசு. ஏம்மா ஆஷா, நீயும் வந்து எம் பக்கத்துல ஒரு வுழுவு வுழுந்துட்டுப் போ. உன் வூட்லயும் பொண்ணுங்க பேச்சு எடுபடட்டும், வூடு நெறைஞ்சு, சோறு கொறையாம, சிரிச்சுகினே நல்லா இருப்பே!