பலகையில் இரண்டு கார்டு

— மூணு மணி நேரமாச்சு. கதவைத் திறடி.

— முடியாது. போ.

— ரூமைப் பூட்டணும்னு காவலாளி நிக்கிறார். எல்லாரும் கிளம்பியாச்சு.

— கிளம்பட்டும். மெடல் வாங்கினவளுங்க கிளம்பட்டும். கடைசிச் சுத்துல என்னை வெளிய துரத்தினாங்களே, எனக்கென்ன அவசரம்?

— கால்ல ஐஸாவது வெச்சியா?

— அக்கா மாதிரிக் கொஞ்சாதே. கோச் மாதிரிப் பேசு. மூணாவது ரெட் கார்டு வந்தப்ப எவ்வளவு முன்னாடி இருந்தேன்?

— நூறு மீட்டர் இருக்கும்.

— நூறு மீட்டர்! முட்டி மடங்குதாம், நடக்கலையாம், ஓடுறேனாம். நாலு வருஷமா நான்தான் நடைப்போட்டி சாம்பியன். எனக்கு நடக்கத் தெரியலைன்னு அந்தக் கண்ணு அவிஞ்ச நடுவர் சொல்றார்!

— மடங்குச்சுடி.

— என்னது?

— இடது முட்டி. நானும் பார்த்தேன்.

— பார்த்துட்டு வாயில கொழுக்கட்டையா? திருப்பத்துல உன்னை எதுக்கு நிறுத்தியிருக்கேன், வேடிக்கை பார்க்கவா?

— கத்தினேனேடி.

— கண்ணுல வேர்வை இறங்கினா எனக்குக் கார்டு மாட்டுற பலகை தெரியாது. எத்தனை கார்டு விழுந்திருக்குன்னு நீதான் பார்த்துக் கத்தணும். என்ன கத்தின?

— ஒண்ணுன்னு.

— பலகையில எத்தனை இருந்துது?

— இப்ப எதுக்குடி அது...

— எத்தனைன்னு கேக்குறேன்!

— ரெண்டு.

— அடிப்பாவி!

— மெதுவா... காவலாளி கேக்குறார்.

— கேக்கட்டும்! ஊரே கேக்கட்டும்! ரெண்டுன்னு தெரிஞ்சா, மூணாவது விழுந்து வெளிய போகாம வேகத்தைக் குறைச்சிருப்பேன். குறைச்சும் ஜெயிச்சிருப்பேன்!

— அதான் சொல்லல.

— என்ன உளர்ற?

— ஜெயிச்சா அடுத்த மாசம் உலகப் போட்டிக்குப் போவே. அதுலயும் நடந்தா அந்த முட்டி அவ்வளவுதானாம். மாடிப்படி கூட ஏற முடியாதாம். டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார். உன்கிட்ட சொன்னா நீ கேக்குற ஆளா?

— ...

— கதவைத் திற. அடிக்கணும்னா அடி, வாங்கிக்கிறேன்... ஏய், இருக்கியா?

— உனக்கு எப்ப சொன்னார்?

— போன வாரம்.

— எனக்கு அதுக்கு முன்னாடியே சொல்லிட்டார்க்கா. உலகப் போட்டிக்கு வரலைன்னு அன்னிக்கே தடகளச் சங்கத்துல சொல்லிட்டு வந்துட்டேன். இன்னிக்கு ஜெயிச்சுட்டு, இதோட நிறுத்துறதா இருந்தேன்.