ஸ்னோ புட்டி

கவரைப்பேட்டையில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“ஒரு மாசமா எங்க ஓரகத்தி மூஞ்சியில வனஸ்பதி பூசிக்கினு கீறா. அவளுக்கே தெரியாது.”

நான் பேப்பரை மடிக்காமலே காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இன்னாடி சொல்ற?”

“சுருக்கம் வுழக்கூடாதுன்னு பட்டணத்துல இருந்து ஸ்னோ வாங்கியாந்து வச்சிக்கீறா. என்னைவிட எட்டு வயசு பெரியவ. ஒரு கல்யாணத்துல எவளோ என்னைக் காட்டி, இவங்க உன் அக்காவான்னு அவளைக் கேக்கறா. வயிறு எரிஞ்சிச்சு. அன்னிக்கே ஸ்னோவ வழிச்சி எடுத்துக்கினு, புட்டியில வனஸ்பதிய ரொப்பி, வாசனைக்குக் கொஞ்சம் பவுடரும் கலந்து வச்சிட்டேன்.”

“அந்த ஸ்னோவ இன்னா பண்ண?”

“நான்தான் தெனமும் பூசிக்கினேன். தோ, பாரு என் மூஞ்சிய.”

மற்றவள் பார்த்தாள்.

“அவ மூஞ்சி?”

“முன்னைக்கு இப்ப இன்னும் மினுக்குது.”

ரயில் பொன்னேரியைத் தாண்டியது. பிறகு மற்றவள் கேட்டாள்.

“உங்க ஊட்டுல கழனிக்குப் போறது யாருடி?”

“நான்தான். அவளுக்கு வெயிலு ஒத்துக்காதாம்.”