பக்கத்தில் உட்கார்ந்தவர்

கொளஞ்சியம்மாள்: உங்க மடத்துல இந்தக் கம்பிய தூக்கவே மாட்டாங்களாடி?

செல்வி: தூக்கறதுக்கு இல்லம்மா. செவுத்தோட சேத்துப் பதிச்சிருக்கு.

கொளஞ்சியம்மாள்: ஜெயில்ல கூட கைய வுடுற அளவுக்கு சந்து இருக்கும். இதுல உம் மூஞ்சி பாதி தெரியுது, கம்பி பாதி தெரியுது. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாயேன்.

செல்வி: நீ எப்பம்மா ஜெயிலுக்குப் போன?

கொளஞ்சியம்மாள்: உங்க மாமன் சாராயக் கேசுல உள்ள போனப்ப சோறு கட்டிகினு போனது யாரு? ...எளைச்சிட்டடி.

செல்வி: போன தடவையும் இதையேதான் சொன்ன.

கொளஞ்சியம்மாள்: போன தடவ வந்து ரெண்டு வருசம் ஆவுது. அப்ப எளைச்ச, இப்ப கறுத்தும் போயிட்ட. மல அடிவாரமாச்சே, வெயிலு கம்மியா இருக்கும்னு பாத்தா...

செல்வி: தோட்ட வேலம்மா. மரவள்ளி போட்டிருக்கோம்.

கொளஞ்சியம்மாள்: நம்ம கொல்லையில இல்லாத மரவள்ளியா? அங்க ஒரு குச்சி நட மாட்டேன்னுட்டு, இங்க வந்து நட்டுகினு இருக்க.

செல்வி: அம்மா...

கொளஞ்சியம்மாள்: சரி சரி, சண்ட போட வரல. வேர்க்கடல உருண்ட கொண்டாந்தேன், அந்தக் கதவு சிஸ்டர்கிட்ட குடுத்திருக்கேன். எல்லாருக்கும் பங்கு போட்டுட்டு நீ கைய நக்கிகினு நிக்காத.

செல்வி: சரிம்மா.

கொளஞ்சியம்மாள்: அப்பறம்... ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். எனக்கில்ல. நம்ம பக்கத்து வூட்டு சாலம்மாளுக்கு.

செல்வி: சாலம்மா அத்தைக்கு இன்னா?

கொளஞ்சியம்மாள்: அதுக்கு... எப்டி சொல்றது... யாரோ கூடவே இருக்கற மாரி இருக்குதாம்.

செல்வி: யாரோன்னா?

கொளஞ்சியம்மாள்: தெரியல. கண்ணுக்கும் தெரியல, காதுக்கும் கேக்கல. அடுப்பாண்ட உக்காந்தா பக்கத்துல உக்காந்துகினு இருக்கற மாரி. மாட்டுக்குத் தண்ணி காட்டுனா கூட வந்து நிக்கற மாரி.

செல்வி: பயந்துகிச்சா?

கொளஞ்சியம்மாள்: அதான்டி. பயமே இல்லியாம். அதான் பயமா இருக்குதாம்.

செல்வி: பிரஷரு மாத்திரைய ஒழுங்கா போடுதா?

கொளஞ்சியம்மாள்: எல்லாம் போட்டாச்சு. கள்ளக்குறிச்சி போயி தலைய ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. பூசாரிகிட்ட போனதுக்கு அவரு துன்னூற வெச்சிட்டு, 'பேயும் இல்ல, காத்தும் இல்ல, போயி வேலையப் பாரு'ன்னுட்டாரு. ஒரு கயிறு கூட கட்டல.

செல்வி: இத்த எங்கிட்ட ஏம்மா கேக்குற?

கொளஞ்சியம்மாள்: பின்ன யாருகிட்ட கேக்கறது? வூட்ட வுட்டுப் போறப்ப நீதான சொன்ன? 'ஏசு எம் பக்கத்துலயே இருக்காரு, அவருதான் கூப்புடுறாரு'ன்னு. உங்கப்பா செம்பத் தூக்கி செவுத்துல அடிச்சாரே, அன்னிக்கு.

செல்வி: ...சொன்னேன்.

கொளஞ்சியம்மாள்: எனக்கு அப்ப வெளங்கல. சாமி பேர சொல்லி எவனோ ஒரு பையன மறைக்கறன்னு நெனச்சிகினேன்.

செல்வி: தெரியும். அஜித்குமார் வூட்டுக்குப் போயி வாசல்ல நின்னு கத்துனியே.

கொளஞ்சியம்மாள்: அந்தப் புள்ள இன்னிவரிக்கும் என்னப் பாத்தா வேற தெருவுல பூந்து போவுது. ...அத்த வுடு. அப்டி ஒருத்தரு கூடவே இருந்தா, நாம இன்னா பண்ணணும்? வெள்ளிக்கெழம படையலு வெக்கணுமா? கறி ஆக்கலாமா, கூடாதா?

செல்வி: கறி ஆக்கலாம்மா.

கொளஞ்சியம்மாள்: தனியா ஒரு தட்டு வெக்கணுமா?

செல்வி: அம்மா!

கொளஞ்சியம்மாள்: நான் கேக்கல. சாலம்மா கேக்குறா.

நிர்மலா: சிஸ்டர், அம்மாவுக்கு டீ. சக்கர போடலாமுங்களா அம்மா?

கொளஞ்சியம்மாள்: ஜாஸ்தியாவே போடுங்க சிஸ்டர்.

நிர்மலா: கேட்டாண்ட ஒரு பெரியவரு வண்டிமேலயே உக்காந்திருக்காரு. உள்ள வாங்கன்னாலும் வரல, டீ வேணுமான்னாலும் பேசல. உங்களோட வந்தவருங்களா?

கொளஞ்சியம்மாள்: ...ஆமாங்க. அவரு அப்டித்தான்.

செல்வி: அப்பாவா? அப்பா வந்திருக்காராம்மா?

நிர்மலா: நான் அப்பறமா வரேன்.

செல்வி: இவ்ளோ நேரம் சொல்லவே இல்ல நீ! என்னத் தல முழுகிட்டாருன்னுதான சொன்ன?

கொளஞ்சியம்மாள்: முழுகுனவருதான். உங்க சாமியாரு வூட்டுக்கு வந்து, 'வர்ற ஞாயிறு உங்க பொண்ணு கடைசி வார்த்தைப்பாடு குடுக்குது, அப்பறம் சாவுறவரிக்கும் இந்த மடந்தான்'னு சொல்லிட்டுப் போனாரு இல்ல? அன்னிலேந்து மனுசன் தூங்கல. நீ படுத்த ரூமுக்கு அவரே வெள்ளையடிச்சாரு. இன்னிக்குக் காத்தால, 'கெளம்பு, கூப்புட்டுப் பாக்கலாம்'ன்னாரு.

செல்வி: ஞாயித்துக்கெழம வேணாம்னு நேத்தே மதர்கிட்ட சொல்லிட்டேம்மா.

கொளஞ்சியம்மாள்: இன்னாது!

செல்வி: பெட்டி கூட எடுத்து வெச்சிட்டேன்.

கொளஞ்சியம்மாள்: ஏன்டி? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? கை கிய்யி வெச்சாங்களா?

செல்வி: சேச்சே. எல்லாரும் தங்கமானவங்க. ...அவரக் காணோம்மா.

கொளஞ்சியம்மாள்: யாரக் காணோம்?

செல்வி: யாருக்காக வந்தேனோ அவர. முன்னல்லாம் கோயிலுக்குள்ள காலு வெக்கும்போதே தெரியும். பாத்திரம் வெளக்குனாலும் தெரியும். ஒரு நாளு வெங்காயம் உரிச்சிகினு இருந்தப்ப சட்டுனு அவ்ளோ கிட்டக்க... கண்ணுல தண்ணி ஊத்துது, சிரிச்சிகினே இருக்கேன். பக்கத்துல இருந்த சிஸ்டருங்க பயந்தே போயிட்டாங்க.

கொளஞ்சியம்மாள்: இப்ப?

செல்வி: இப்ப செவுருதான் தெரியுது. பாட்டு பாடுறேன், வாயி பாடுது. முழங்காலு போடுறேன், முட்டி வலிக்குது. அவ்ளோதான்.

கொளஞ்சியம்மாள்: உங்க மதர் இன்னா சொல்லுது?

செல்வி: 'எல்லாருக்கும் வர்றதுதான், பொறுத்துக்கோ'ங்கிறாங்க. பொறுத்துப் பாத்துட்டேன். ஆளே இல்லாத மணவறையில எப்டிம்மா கழுத்த நீட்டறது?

கொளஞ்சியம்மாள்: எப்போலேந்துடி இப்டி?

செல்வி: ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. என் கதைய வுடு. சாலம்மா அத்தைக்கு எப்போலேந்து?

கொளஞ்சியம்மாள்: அதுக்கா... போன வருசம் சித்திரையில. கர்ப்பப்பைய எடுத்துட்டு ஆஸ்பத்திரில படுக்க வெச்சிருந்தாங்க. மயக்கம் தெளிஞ்சி பாத்தா ஒருத்தரும் இல்ல. உங்கப்பா மருந்து வாங்க கீழ போயிட்டாரு. தொண்ட வறண்டு போச்சு, கூப்புட்டா சத்தம் வரல. அவ்ளோதான், இப்டியே போயிடுவேன்னு நெனச்சேன். அப்ப பாத்து கட்டிலாண்ட...

செல்வி: அம்மா.

கொளஞ்சியம்மாள்: ...யாரோ வந்து உக்காந்தாங்க பாரு...

செல்வி: அம்மா, சாலம்மா அத்தைக்கு மருந்து வாங்க எங்கப்பா ஏன் போனாரு? ஆபரேஷன் உனக்குத்தான நடந்துது?

கொளஞ்சியம்மாள்: டீ ஆறிப்போச்சு.

செல்வி: அம்மா!

கொளஞ்சியம்மாள்: ஆமான்டி, எனக்குத்தான்! இப்ப இன்னான்ற? எம் பொண்ணக் கூட்டிகினு போனவரு, எங்கிட்ட எதுக்கு வரணும்? நல்லா திட்டுனேன். 'அவளக் கம்பிக்குள்ள வெச்சிட்டு எம் மூஞ்சில வேற முழிக்கறியா'ன்னு கேட்டேன். எழுந்து போவல. திட்டு வாங்கிகினே உக்காந்திருந்தாரு.

செல்வி: அது அவருதான்னு உனக்கு எப்டித் தெரியும்?

கொளஞ்சியம்மாள்: எனக்கு இன்னாடி தெரியும்? களையெடுக்கும்போது உன்னப் பத்தி பேசுவேன். சின்னதுல நீ வாய்க்கால்ல வுழுந்தது, மஞ்சக்காமால வந்து கெடந்தது... சொன்னதையேதான் திரும்பத் திரும்ப சொல்லுவேன். உங்கப்பா கேக்க மாட்டாரு. சாலம்மா எழுந்து போயிடுவா. இவரு கேட்டுகினே இருக்காரு. வேற யாரு உன் கதைய அவ்ளோ நேரம் கேப்பாங்க?

செல்வி: ...இப்பவும் இருக்காரா?

கொளஞ்சியம்மாள்: இல்லாம? வண்டில எங்கூடத்தான் வந்தாரு. உங்கப்பா ஓட்டுனாரு, நடுவுல நானு, பின்னால அவரு. நல்ல வேள, போலீசு புடிக்கல.

செல்வி: சிரிக்க வெக்காதம்மா.

கொளஞ்சியம்மாள்: எங்க சிரிக்கற, அழுவுற! எதுக்குடி அழுவுற?

செல்வி: போன வருசம் சித்திரையா? நெசமாவா?

கொளஞ்சியம்மாள்: ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரிலேந்து மடத்துக்கு போன் போட்டு, பொண்ண அனுப்புங்கன்னு கேட்டாங்க, நீ வெளிய வர முடியாதுன்னுட்டாங்க. அன்னிக்கு சாயங்காலந்தான் இவரு வந்தது. ...ஒனக்கு ஒண்ணு சொல்லவா? உன்னக் கூட்டிகினு போவணும்னுதான் வூட்டுலேந்து கெளம்புனேன். இப்ப நீ வந்தா நல்லதா, வராட்டி நல்லதா, எனக்கு ஒண்ணுமே புரியலடி.

நிர்மலா: சிஸ்டர், ஜெபத்துக்கு மணி அடிக்கப் போறேன். பெட்டிய கேட்டுக்கு எடுத்துட்டு வரட்டுமான்னு மதர் கேக்கச் சொன்னாங்க.

கொளஞ்சியம்மாள்: சொல்லுடி. உங்கப்பா வெயில்ல காஞ்சிகினு இருக்காரு.

செல்வி: பெட்டி உள்ளயே இருக்கட்டும் சிஸ்டர். நான் ஜெபத்துக்கு வரேன்.

நிர்மலா: சரி... சரிங்க சிஸ்டர். மதர்கிட்ட சொல்லிடுறேன்.

கொளஞ்சியம்மாள்: பைத்தியமாடி உனக்கு? இங்க அவரக் காணோம்னு நீயே சொல்ற. அவரு எங்கிட்ட இருக்காருன்னு நான் சொல்றேன். எங்கூட வந்தா உனக்கும் ஆப்புடுவாரு இல்ல? இந்தக் காலி எடத்துல உக்காந்துகினு இன்னா பண்ணப்போற?

செல்வி: அனுப்புனதே நான்தாம்மா. மதர்கிட்ட கூட இத்த சொல்லல. போன் வந்த அன்னிக்கு கோயில்ல வுழுந்து அழுதேன். 'என்னால கதவத் தாண்ட முடியாது, எங்கிட்ட இருந்தது போதும், நீ எழுந்து போயி எங்கம்மாவாண்ட உக்காந்துக்க'ன்னேன். நெசமாவே எழுந்து போயிடுவாருன்னு நெனைக்கலம்மா... திரும்பி வான்னு நான் கூப்புடல, கூப்புடவும் மாட்டேன். நீ மட்டும் அப்பப்ப வந்து, அவரு நல்லா இருக்காரான்னு சொல்லிட்டுப் போ.