முன்சீட்டில் வந்த சிலிண்டர்

ராத்திரி இரண்டு மணி. ஏரியை ஒட்டிய சாலை. முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை... ஒரே ஒரு வேன். ஓட்டியவர் என் நண்பரின் சகலை. ஆஸ்பத்திரிகளுக்கு சிலிண்டர் கொண்டுபோகிறவர். பொய் சொல்லத் தெரியாது; அதற்கு நான் இருக்கிறேன்.

அன்று ஏற்றியது ஒரே சிலிண்டர். நைட்ரிக் ஆக்சைடு. நுரையீரல் அடியோடு கெட்டு, ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் ஏறாதவர்களுக்கு, மூச்சுக்காற்றில் துளியூண்டு கலந்து கொடுப்பது. யாரது இருமுவது? இந்தக் கதைக்கு இருமக்கூடாது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது சகலையின் சொந்தத் தம்பி. "இருக்கறது தீரப்போகுதுண்ணே. நடுவுல நின்னா ஆள் தாங்கமாட்டார்" என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தார். அதனால் சிலிண்டரைப் பின்னால் உருளவிடாமல், முன்சீட்டில் நிறுத்தி பெல்ட் போட்டிருந்தார் சகலை. பெண்டாட்டிக்குக்கூடப் போட்டுவிட்டதில்லை.

வளைவில் திரும்பும்போது... ஸ்பிரிட் வாடை. அப்புறம் கிர்ர்... கிர்ர்... என்று மரை கழலும் சத்தம்.

பார்த்தால், சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி ஒருவன். முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. உதடு நீலம். வால்வு மேலிருக்கும் இரும்புத் தொப்பியைத் திருகிக்கொண்டிருக்கிறான்.

கட்டிலருகே போகும்வரை அந்தத் தொப்பியை யாரும் தொடக்கூடாது. வால்வு உடைந்தால் சிலிண்டர் சுவரையே துளைத்துக்கொண்டு போகும்.

"டேய், கைய எடு. அது என் தம்பி உயிரு."

எடுக்கவில்லை.

சீட்டுக்கடியிலிருந்த ஸ்பேனரை உருவினார் சகலை. முதல் அடி மூக்கில்... காய்ந்த சுள்ளி மாதிரி முறிந்தது. இரண்டாவது வாயில். அப்போதும் பிடி விடவில்லை. விரல்கள் மேலேயே அடித்தார். மளுக்... மளுக்... பிறகு ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்து எட்டி உதைத்தார். பின்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பழைய சிலிண்டர் தீருமுன் புதியதைத் திறந்துவிட்டார்கள். தம்பி குப்புறக் கிடந்தார். நுரையீரலுக்கு நல்லதென்று அப்படித்தான் படுக்கவைப்பார்கள். விடியும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருந்தது.

"பொழச்சுக்குவார்ண்ணே" என்றார் நர்ஸ். நாலு பேராகச் சேர்ந்து அவரை மல்லாக்கத் திருப்பினார்கள்.

மூக்கு ஒரு பக்கமாக மடிந்திருந்தது. விரல்கள் முறிந்து தொங்கின. முன்பல் மூன்றைக் காணோம். தலையணையில் ஒரு பொட்டு ரத்தமில்லை.

"ராத்திரி பூரா இங்கதானே நின்னேன்... யாரும் கிட்ட வரலையே..." நர்ஸ் குனிந்து கட்டிலுக்கடியில் பல்லைத் தேடினார்.

"அங்க தேடாதம்மா" என்றார் சகலை.

வேன் சாவியை நீட்டினார்.